முத்தறிந்த விரலும் முள்ளறியாத காலும்

(கீழக்கரையில் பொதுமக்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முத்துக்கும் சங்குக்கும் கல்லுக்கும் பெயர்பெற்ற ஊரில் தொடு உணர்வைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆகவே முத்திலிருந்து தொடங்குவதே முறை.

கைக்கு வந்த முத்தில் ஐயம் வந்தால் வியாபாரி என்ன செய்வார் என்று இங்கே முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்பல்லின் விளிம்பில் வைத்து மெல்லத் தேய்த்துப் பார்ப்பார். சிப்பி தந்த முத்து நறநறவென்று மணல்போல் உணரப்படும். கண்ணாடியில் செய்து பூச்சுப் பூசியது வழுக்கிக்கொண்டு போய்விடும். வளர்ப்பு முத்தும் நறநறக்கும். அதன் மேல்தோலும் சிப்பி இட்டதுதானே. எனவே அசலையும் வளர்ப்பையும் பிரிக்கப் பல் உதவாது. போலியைக் காட்டிக்கொடுக்க மட்டும் உதவும்.

முத்தின் மேற்பரப்பு, அரகோனைட் என்னும் சுண்ணாம்புப் படிகத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தது. ஒரு தகட்டின் தடிமன் ஏறத்தாழ அரை மைக்ரான். தலைமயிரின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தத் தகடுகளின் விளிம்புகள் பல்லில் உரசும்போது எழும் மிக நுண்ணிய அதிர்வைத்தான் ‘நறநற’ என்கிறோம். பல்லின் எனாமலில் நரம்பு கிடையாது. ஆனால் பல்லின் வேரைத் தாடையோடு பிணைக்கும் மெல்லிய நார்ப்படலத்தில் தொடு நரம்புகளின் நுனிகள் இருக்கின்றன. அவையே அந்த அதிர்வை வாங்கிக்கொள்கின்றன. விரலும் இதற்குச் சளைத்ததன்று. 2013இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஓர் ஆய்வில், வெறும் 13 நானோமீட்டர் உயரமுள்ள சுருக்கங்கள் கொண்ட பரப்பையும் சுருக்கமே இல்லாத பரப்பையும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே வேறு பிரித்தார்கள். 13 நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரை லட்சம் பங்காக்கினால் அதில் ஒன்றைவிடச் சற்றே கூடுதல். மனித விரல் இத்தனை நுட்பமானது என்று அந்த ஆய்வைப் படிக்கும்வரை நானே நம்பியிருக்க மாட்டேன்.

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்புச் சலாபங்களில் முத்தைப் பருமன் வாரியாகப் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகளை வைத்திருந்தார்கள். முதலாவதில் 20 துளை, அடுத்தவற்றில் 30, 50, 80, 100 என்று ஏறி, கடைசிச் சல்லடையில் 1000 துளை. பருமனைச் சல்லடை தீர்த்துவைத்தது. உருட்சியையும் மெருகையும் மனிதரின் கண்ணும் விரலும்தான் தீர்த்தன. அந்தத் தீர்ப்பில் எல்லார் கையும் ஒன்றில்லை என்று வியாபாரிகளுக்குத் தெரிந்திருந்தது. ஏன் ஒன்றில்லை, எவ்வளவு வேறுபடும், அந்த வேறுபாட்டில் எதற்கு நாம் கவலைப்பட வேண்டும் என்பதே இன்றைய என் பேச்சு.

முதலில் அளவைப் பற்றி. ஒருவருக்குத் தெரியும் மிகச் சிறிய தொடுதலை உணர்வின் தொடக்க அளவு என்று வைத்துக்கொள்வோம். லைப்சிக் நகரின் எர்ன்ஸ்ட் வேபர் 1834இல், கவராயத்தின் இரு முனைகளைத் தோலில் வைத்து, எவ்வளவு விலக்கினால் அவை இரண்டு என்று தெரிகிறது என அளந்தார். நாக்கின் நுனியில் 1 மில்லிமீட்டர் போதும், விரல்நுனியில் 2, நடுமுதுகில் 60க்கும் மேல் விலக்க வேண்டியிருந்தது. ஒரே மனிதரின் தோலுக்குள்ளேயே இத்தனை ஏற்றத்தாழ்வு! பிறகு அந்த நூற்றாண்டின் இறுதியில் மேக்ஸ் வான் ஃப்ரே குச்சி முனையில் மயிரை ஒட்டி, அது வளையும்வரை தோலில் அழுத்தினார். தடித்த மயிர் வளைய அதிக விசை வேண்டும், மெல்லிய மயிருக்குக் கொஞ்சம் போதும். மயிர் வளைந்துவிட்டால் அழுத்துபவர் கை நடுங்கினாலும் தோலில் விழும் விசை பெரிதாக மாறாது. இந்த எளிய தந்திரம்தான் இன்றுவரை நிற்கிறது. மயிரின் இடத்தில் இப்போது நைலான் இழை. உங்கள் தங்கூசி வலையின் இழையும் அதே இனம்தான். ஆனால் மருத்துவ இழையின் நீளமும் தடிமனும் விசைக்கேற்பக் கணக்கிட்டுச் செய்யப்பட்டவை.

இந்த அளவில் ஒரு சிக்கல் இருக்கிறது. அளப்பவர் “தெரியுதா?” என்று கேட்கிறார். ஒருவர் லேசான ஐயம் வந்தாலே “ஆமாம்” என்பார். இன்னொருவர் உறுதியானால்தான் வாய் திறப்பார். இருவர் தோலும் ஒன்றாகவே இருக்கலாம்; பதில் வேறாகிவிடும். நம் மருத்துவ முகாம்களில் இதை நாள்தோறும் பார்க்கிறோம். மருத்துவர் மனம் கோணக் கூடாதே என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டும் தாய்மார்கள் உண்டு. அதனால்தான் சோதிப்பவர் இடையிடையே தொடாமலே “இப்போ?” என்று கேட்க வேண்டும். அப்போதும் “ஆமாம்” வந்தால் அந்தப் பதில்களை வைத்து ஒரு முடிவுக்கும் வரக் கூடாது.

இந்தச் சிக்கலைக் கவனிக்காமல் போனதால் ஒரு பெரிய வாதமே எழுந்தது. 1898இல் கேம்பிரிட்ஜிலிருந்து ஓர் ஆய்வுக்குழு ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையே உள்ள டாரஸ் நீரிணைக்குப் போனது. அதுவும் முத்துச்சிப்பிக் கடல்தான். குழுவில் இருந்த வில்லியம் மெக்டூகல், மரே தீவு மக்களின் தோலில் கவராயத்தை வைத்துப் பார்த்து, ஆங்கிலேயருக்குத் தேவைப்பட்ட இடைவெளியில் ஏறத்தாழப் பாதியிலேயே அவர்கள் இரு முனைகளைப் பிரித்தறிந்ததாக எழுதினார். அதே குழுவின் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் பின்னர் 1901–02இல் நம் நீலகிரிக்கு வந்து தோடர்களின் நடுவே தங்கினார். அவர்களின் பார்வை, தொடு உணர்வு, வலி எல்லாவற்றையும் அளந்து, 1905இல் கட்டுரையாக வெளியிட்டார். தமிழ் மண்ணில் தொடு உணர்வைக் கருவி கொண்டு அளந்த ஆரம்பகால முயற்சி அது. ‘நாகரிகம் குறைந்தவருக்குப் புலன் கூர்மை’ என்று அந்தக் காலத்தில் பலர் பேசினார்கள். 1916இல் உளவியலாளர் எட்வர்டு டிட்செனர் டாரஸ் நீரிணைச் சோதனைகளைக் கடுமையாகச் சாடினார். இரு முனை என்றால் என்ன என்பதை ஒவ்வொருவரும் எப்படிப் புரிந்துகொண்டு விடை சொன்னார்கள் என்பதைப் பொறுத்தே அந்த எண்கள் மாறும் என்பது அவர் வாதத்தின் மையம். டிட்செனர் பக்கம்தான் நியாயம் என்று நான் நினைக்கிறேன். ஓர் இனத்தின் சராசரியை இன்னோர் இனத்தின் சராசரியோடு நிறுத்துப் பார்ப்பதில் நமக்குப் பயன் குறைவு. ஒரே தெருவில், ஒரே வீட்டில் பிறந்தவர்களிடையே உள்ள வேறுபாடுதான் சுவையானது.

அந்த வேறுபாட்டுக்கு முதல் காரணம் நம்ப முடியாத அளவுக்கு எளியது: விரலின் அளவு. 2009இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் டேனியல் கோல்ட்ரைக் குழுவினர் இளைஞர்களின் விரல்நுனியை அளந்து, நுண்ணிய வரிப்பள்ளங்களை உணரச் சொன்னார்கள். பெண்களே சராசரியில் மேலாக உணர்ந்தார்கள். ஆனால் விரல்நுனியின் பரப்பைக் கணக்கில் சேர்த்ததும் ஆண்–பெண் வேறுபாடு மறைந்துவிட்டது. சிறிய விரல் யாருடையதாக இருந்தாலும் நுட்பமாக உணர்ந்தது. தொடு நரம்பின் நுனிகள் சிறிய விரலில் நெருக்கமாக அமர்ந்திருக்கின்றன என்பதே அவர்கள் தரும் விளக்கம். பெரிய கையுடைய வாப்பாவைவிட அவர் மகள் முத்தின் மேல் உள்ள கீறலை முதலில் கண்டுபிடித்தால் வியக்க வேண்டாம்.

இரண்டாவது, வயது. 20 வயதுக்கும் 80 வயதுக்கும் இடையே விரல்நுனியின் கூர்மை ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு மங்குகிறது. ஆனால் இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதை நினைத்தால் மனம் நெகிழ்கிறது. பிரெய்ல் படிக்கும் பார்வையற்றோரின் விரலைச் சோதித்தபோது, முதுமையிலும் அந்தக் கூர்மை பெரிதாகக் குன்றவில்லை. வாழ்நாள் முழுக்க வேலை கொடுத்த விரல் தன் திறமையைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. வேலூரில் மருத்துவம் படித்துப் பின்னர் அமெரிக்காவில் பணியாற்றிய கே. சத்தியன் 1990களில் ஒன்றைக் காட்டினார். ஒரு விரலுக்குக் கொடுத்த பயிற்சி மற்ற விரலுக்கும் கடந்து போகிறது. அப்படியானால் பழக்கத்தால் வரும் நுட்பம் தோலில் மட்டும் இல்லை, மூளையிலும் இருக்கிறது. கல் வியாபாரத்தில் முப்பது ஆண்டு பழகிய கையின் திறமையில் எவ்வளவு விரலுடையது, எவ்வளவு மூளையுடையது என்று பிரிப்பது எளிதில்லை.

மூன்றாவது, பிறப்பு. பெர்லினில் கேரி லெவின் குழுவினர் 2012இல் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்து, தொடு உணர்வின் கூர்மையில் மரபுக்குக் கணிசமான பங்கு உண்டு என்று கண்டார்கள். இன்னொன்றும் கண்டார்கள்: பிறவியிலேயே காது மந்தமான இளைஞர்கள் பலருக்குத் தொடு உணர்வும் மந்தமாக இருந்தது. செவிக்குள் ஒலியும் தோலில் தொடுதலும் விசையாகவே வந்து சேர்கின்றன; இரண்டையும் மின்குறிப்பாக மாற்றும் புரதங்களில் சில பொதுவாக இருக்கலாம். தோலில் அந்த வேலையைச் செய்யும் முக்கியமான புரதம் பியெசோ-2. அதன் குடும்பத்தைக் கண்டறிந்ததற்காக பெய்ரூத்தில் பிறந்த அர்டெம் படபூட்டியனுக்கு 2021இல் நோபல் பரிசு, டேவிட் ஜூலியஸோடு பகிர்ந்து, கிடைத்தது. இந்தப் புரதம் பிறவியிலேயே வேலை செய்யாத மிகச் சிலர் உலகில் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணை மூடினால் தங்கள் கை எங்கே இருக்கிறது என்பதையே அறிவதில்லை.

உழைப்பின் தடம் நான்காவது. காய்ப்புக் காய்த்த தோலில் மெல்லிய தொடுதல் தெரிய அதிக விசை வேண்டும். குளிர்ந்த கையில் அதிர்வு குறைவாகத் தெரியும். சின்ன ஏர்வாடியிலும் பாம்பன் பக்கம் சின்னப்பாலத்திலும் பாசி எடுக்கப் போகும் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, இடுப்பளவு கடலில் மூழ்கி, பாறை இடுக்கிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கிறார்கள். துணி மெல்லிய தொடுதலை மறைக்கும். ஆனால் பாறையில் விரல் உரசும் அதிர்வைத் தோலுக்கு அடியில் ஆழமாக உள்ள பசீனியன் உறுப்புகள் துணி வழியாகவும் பிடித்துக்கொள்ளும். கருவியைக் கையில் பிடித்து வேலை செய்யும் எவருக்கும், சங்கு அறுப்பவருக்கும், கல் பட்டை தீட்டுபவருக்கும், இதே உறுப்புகள்தான் ஒற்றர்கள்.

கடல் பேச்சு வந்ததால் ஒரு கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறேன். சங்கு குளித்தவர்களின் விரல் நெடுநேரம் நீரில் ஊறிச் சுருங்கிப்போகிறதே, அதனால் தொடு உணர்வு கெடுமா? 2014இல் பெர்லினில் இதைச் சோதித்தார்கள். ஊறிச் சுருங்கிய விரலின் தொடு கூர்மை மாறவில்லை. ஆனால் அந்தச் சுருக்கத்துக்குப் பின்னால் ஒரு பெரிய செய்தி இருக்கிறது. விரல் சுருங்குவதற்குத் தோல் நனைந்தால் மட்டும் போதாது. நரம்பு வேலை செய்ய வேண்டும். நரம்பின் ஆணையால் விரல்நுனியின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால்தான் தோலும் சுருங்குகிறது. நரம்பு அறுந்த விரலை வெந்நீரில் எத்தனை நேரம் வைத்தாலும் அது மழமழவென்றே இருக்கும். 1973இல் அயர்லாந்து மருத்துவர் ஓ’ரியான் இதையே நரம்புச் சோதனையாக எழுதினார். பேசத் தெரியாத குழந்தையின் கையில் அடிபட்டு நரம்பு அறுந்திருக்கிறதா என்று அறிய வேண்டுமானால், “தெரியுதா” என்று கேட்க முடியாது. கையை நீரில் ஊறவைத்துப் பார்க்கலாம். கடலிலிருந்து கரையேறும் பிள்ளையின் பத்து விரலில் ஒன்பது சுருங்கி ஒன்று மட்டும் சுருங்காமல் இருந்தால், அதை மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

விரலின் அளவாலும் வயதாலும் உழைப்பாலும் வரும் வேறுபாடுகள் நோய் இல்லை. சிறுவிரல்காரி நுட்பமாக உணர்வதும் கிழவர் மங்கலாக உணர்வதும் உடலின் இயல்பு. என் கவலை வேறு. நேற்றுவரை தெரிந்தது இன்று தெரியாமல் போவதுதான் ஆபத்து. அதிலும் கொடுமை, அது போகும்போது சொல்லிக்கொண்டு போவதில்லை.

இதைத் தமிழ்நாட்டில் தெளிவாகக் கண்டவர் பால் பிராண்ட். 1914இல் கொல்லி மலையில் பிறந்தவர். 1946இல் அறுவை மருத்துவராக வேலூருக்கு வந்தார். அந்தக் காலத்தில் தொழுநோயாளிகளின் விரல்கள் நோயாலேயே அழுகி உதிர்கின்றன என்றே பெரும்பாலோர் நம்பினார்கள். மருத்துவர்களும் அப்படியே நம்பினார்கள். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க அவரே திணறியபோது, நோயுற்ற மெலிந்த சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். பிராண்ட் அவன் விரலைப் பார்த்தார். சாவி தசையைக் கிழித்து எலும்பு வரை போயிருந்தது. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. வலி தடுக்காததால்தான் அவனுக்கு அந்த வலிமை! இரவில் நோயாளிகளின் விரல்கள் எப்படிக் குறைகின்றன என்று காவல் இருந்து பார்த்தபோது, எலிகள் வந்து கடிப்பது தெரிந்தது. தூங்குபவருக்கு அது உறைக்கவே இல்லை. விரலை உதிர்த்தது உணர்வின் இழப்புத்தான். அவர் கண்ட இந்த உண்மையால் எத்தனையோ ஆயிரம் கைகளும் கால்களும் பிழைத்தன. வேலூரிலும் அதை அடுத்த கரிகிரியிலும் அந்த நோயாளிகளுக்காகச் செய்த எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர்ச் செருப்பை இன்று நீரிழிவு நோயாளிகளும் அணிகிறார்கள். அங்கேயே மருத்துவர்கள் நைலான் இழைகளைக் கொண்டு உணர்வு எப்போது குறையத் தொடங்குகிறது என்று தொடர்ந்து அளக்கிறார்கள். கையில் 0.2 கிராம் இழையும் காலில் 2 கிராம் இழையும் தெரியாவிட்டால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம்.

தொழுநோய் குறைந்திருக்கிறது. அதன் இடத்தில் நீரிழிவு வந்து உட்கார்ந்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு. தொதலும் பிரியாணியும் விருந்தின் மரியாதையாக இருக்கும் ஊரில் இதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் வி. மோகன் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களில் 26 விழுக்காட்டினருக்கு நரம்புப் பாதிப்பு இருந்தது. ஏறத்தாழ நான்கில் ஒருவர். அவர்கள் அளந்தது அதிர்வின் தொடக்க அளவை: கால் பெருவிரலில் ஒரு கருவியை வைத்து, மின் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய், எத்தனை வோல்ட்டில் அதிர்வு தெரிகிறது என்று பார்ப்பது. 20 வோல்ட்டைத் தாண்டினால் பாதிப்பு என்று வைத்தார்கள்.

நரம்புப் பாதிப்பு காலில் ஏன் முதலில் வருகிறது? உடலில் மிக நீளமான நரம்புகள் கால் விரலுக்குப் போவன. சர்க்கரை நரம்பைத் தின்னும்போது நீளமானதன் நுனியைத்தான் முதலில் தின்கிறது. கையில் முத்தின் கீறலைக் கண்டுபிடிக்கும் ஒருவரின் உள்ளங்கால் ஆணி குத்தினாலும் அறியாமல் இருக்கலாம். செருப்புக்குள் ஆணியும் கல்லும் இருப்பது தெரியாமல் ஊரைச் சுற்றி வருபவர்களைப் பார்க்கிறோம். கட்டைவிரலில் சிப்பி கிழித்த புண்ணோடு, சாக்ஸில் இரத்தக் கறையைப் பார்த்த பிறகே வருபவர்களும் உண்டு. இராமேசுவரத்தில் அக்னி தீர்த்தத்தில் முழுகி, 22 தீர்த்தங்களிலும் நீராடி, சித்திரை வெயிலில் காய்ந்த கல்லிலும் மணலிலும் வெறுங்காலில் நடப்பவர்கள். ஏர்வாடி தர்காவுக்கு நேர்ச்சையோடு வெறுங்காலில் வருபவர்கள். அவர்களில் உணர்வு போன கால் உடையவருக்கு வெந்து கொப்புளம் எழுவது மறுநாள்தான் தெரியும். பக்தியில் குறை சொல்ல நான் வரவில்லை. அந்தக் காலுக்கு வலி என்னும் காவலாளி இல்லை; அதற்குப் பதில் கண் பார்க்க வேண்டும், செருப்பு காக்க வேண்டும். வலி இல்லாத புண்தான் காலை எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகிறது. எத்தனையோ குடும்பங்களில் உழைத்துச் சம்பாதிக்கும் ஒருவரின் கால் போய், வீடே சாய்ந்ததைப் பார்த்தபின் இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மருத்துவமனையில் உள்ளங்காலைச் சோதிக்க 10 கிராம் இழை இருக்கிறது. அது தெரியாவிட்டால் காலைக் காக்கும் உணர்வு போய்விட்டது என்று பொருள். ஆனால் அதற்கு முன் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையை 2011இல் இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். கருவி எதுவும் வேண்டாம். நீரிழிவு உள்ளவர் கண்ணை மூடிப் படுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் இன்னொருவர், தன் விரலில் உணர்வு சரியாக இருப்பவர், ஆட்காட்டி விரலின் நுனியால் அவருடைய கால் விரல்களின் நுனியை ஒன்றிரண்டு நொடி மெல்லத் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தடவக் கூடாது, தட்டக் கூடாது. வலது பெருவிரல், வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், பிறகு வலது நடுவிரல், இடது நடுவிரல். தொட்டது தெரிந்ததும் வலதா இடதா என்று மட்டும் அவர் சொல்லட்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் உணர்வு குறைந்திருக்கிறது. பதில் வரவில்லை என்று அதே விரலை இரண்டாம் முறை தொடாதீர்கள். தெரியவில்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள். உம்மாவையும் வாப்பாவையும் படுக்கவைத்து இன்று இரவே பாருங்கள். வளைகுடா நாட்டிலிருந்து விடுப்பில் வந்திருக்கும் காக்காமார்களே, அங்கே திரும்புமுன் நீங்களும் படுத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு பூட்ஸுக்குள் பன்னிரண்டு மணி நேரம் இருக்கும் காலை யாரும் பார்ப்பதில்லை.

விடையை எழுதித் தேதி போட்டு வையுங்கள். அடுத்த ஆண்டு விடையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது அடுத்த வீட்டுக்காரரின் காலோடு அல்ல, உங்கள் காலின் இந்த ஆண்டு விடையோடு. இரண்டு விரல் தெரியவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போய், 10 கிராம் இழையாலோ அதிர்வுக் கருவியாலோ சோதிக்கும்படி கேளுங்கள். அன்றிலிருந்து வெறுங்காலில் நடப்பதை விடுங்கள், வீட்டுக்குள்ளும்தான். செருப்பை அணியுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள். குளிக்கும் நீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். மருத்துவர் மாத்திரைச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கும்போதே செருப்பையும் காலுறையையும் கழற்றிவிடுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.